மண்ணெண்ணெய்க் காலத்து ரைமிங்

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதோடு வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் தடைப்பட்டியலில் ஏறின. அடுப்புக்கும் விளக்குக்கும் என்று மண்ணெண்ணெய் மட்டும் அளந்து வந்தது. அதற்குப் பிறகு 2002 வரை வன்னியில் ஓடிய மோட்டார் சைக்கிள்களிலும் கார்களிலும் பெரும்பாலானவை அந்த விளக்கெரிக்கும் எண்ணெயில்தான் ஓடின. இதைக் கேள்விப்படுகிறவர்கள் வியக்கிறார்கள், எங்கள் ஆட்களின் கெட்டித்தனம் என்கிறார்கள். வியப்போடு பேச்சு முடிந்துவிடுகிறது. எஞ்சினுக்குள் என்ன நடந்தது, அது எப்படிப் பழுதாகியது, பழுதானதை எதைக்கொண்டு திருத்தினோம் என்பதெல்லாம் பேச்சில் வருவதில்லை. உயர்தரம் கணிதப் பிரிவில் படித்துவிட்டு, பல்கலைக்கழகம் போக வழியில்லாமல் கிளிநொச்சியில் ஒரு மோட்டார் சைக்கிள் கராச்சில் சேர்ந்தவன் நான். அந்த வருடங்களின் வரலாற்றை எனக்குத் தெரிந்த ஒரு சின்ன உறுப்பை வைத்துச் சொல்ல விரும்புகிறேன். சிலிண்டர் தலைக்குள் இருந்து வால்வுகளைத் திறந்து மூடும் காம் சாப்ற்றின் பல்லுச்சில்லு அது.

மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடுவது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. போர்ட்சன் உழவு இயந்திரம் அப்படித்தான் ஓடியது. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிரித்தானியாவில் உழவு இயந்திரங்களுக்கென்றே ஒருவகை மண்ணெண்ணெய் விற்றார்கள். பெர்குசன் கொம்பனி தன் சாம்பல் நிற மெசினில் அதற்கென்றே ஒரு வகையை 1949இல் விட்டது. ஆனால் அந்த எஞ்சின்கள் அதற்காகவே செய்யப்பட்டவை. அமுக்கம் குறைவு. எண்ணெய் ஆவியாகவேண்டும் என்பதற்காகப் புகைக்குழாயின் சூடு உள்ளிழுக்கும் குழாயில் படும்படி வார்த்திருப்பார்கள். எங்களிடம் இருந்ததோ யப்பானிலிருந்து வந்த ஹொண்டா. நல்ல பெற்றோலுக்கென்று, வேகமாகச் சுற்றுவதற்கென்று செய்த எஞ்சின்.

வன்னியில் அப்போது இரண்டு ஹொண்டாக்களுக்குத்தான் மதிப்பு. ஒன்று எம்டி-90. யப்பானில் தபால்காரர் ஓடிய சிவப்பு மோட்டார் சைக்கிள், பாரம் ஏற்றவும் மணலில் இழுக்கவும் அதை மிஞ்ச ஆளில்லை. மற்றது சீடி-200. இரண்டு சிலிண்டர், 194 சிசி, கேட்டாலே தெரியும் சத்தம். ஏ-9 வீதியில் அதைப்போல ஓட வேறொன்றும் இருக்கவில்லை. கார் என்றால் ஒஸ்ரின் ஏ-40, கேம்பிறிஜ், மொறிஸ் மைனர். இவற்றில் ஒஸ்ரின் மண்ணெண்ணெயைச் சுகமாக ஏற்றுக்கொண்டது. 1950களின் ஏ-40இல் அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்றே மேல். காம் சாப்ற் கீழே, கிராங்குக்குப் பக்கத்தில் கிடக்கும். இரண்டையும் கோர்க்கும் செயின் குட்டையானது. தேய்ந்தாலும் பல்லுத் தாண்ட இடம் குறைவு. ஹொண்டாவில் காம் சாப்ற் தலைக்கு மேலே ஏறிவிட்டது. கிராங்கிலிருந்து அதுவரை நீளமான, கால் அங்குல இடைவெளிச் செயின் போகிறது. முப்பது வருடத்துக்கு மேல் பழைய ஒஸ்ரின், பத்து வருடம் பழைய சீடி-200ஐவிட அந்தக் காலத்தை இலகுவாகக் கடந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். மெசி 135 உழவு இயந்திரத்துக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அதன் பேர்க்கின்ஸ் எஞ்சினில் செயின் கிடையாது, பல்லுச்சில்லோடு பல்லுச்சில்லுதான் கடிக்கும். அதற்கு டீசல் கிடைத்தால் போதும். கிடைப்பதுதான் பாடு.

மண்ணெண்ணெயில் எடுக்கும் முறை வன்னியில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு சின்னச் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். பொன்போல விலை. எயார் கிளீனர் வழியாகவோ காபரேற்றர் வாயிலோ இரண்டு பீச்சுப் பீச்சி, கிக்கரை உதைத்து, எஞ்சின் பிடித்தவுடன் அக்சிலறேற்றரை விடாமல் முறுக்கிக்கொண்டே நிற்கவேண்டும். வெள்ளைப் புகை அடங்கும்வரை. சிலர் சேலைன் குழாயைப் பொருத்திச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. அதன்பிறகு நடப்பது மெக்கானிக்குக்குத்தான் தெரியும்.

மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. ஆவியாகாத பங்கு சிலிண்டர் சுவரில் இறங்கி, றிங்கைத் தாண்டி, கீழே ஒயிலில் கலக்கும். ஓடிய சைக்கிளில் ஒயில் குறைந்திருக்கவேண்டும் அல்லவா? அந்தக் காலத்தில் ஒயில் குச்சியை இழுத்தால் அளவு கூடியிருக்கும்! விரலில் எடுத்து உரசினால் தண்ணீராய் ஓடும், மணந்தால் குப்பி விளக்கு மணக்கும். புது ஒயிலுக்கு எங்கே போவது? பழையதைத் துணியில் வடித்து மறுபடி ஊற்றினோம். அந்த நீர்த்த ஒயில்தான் மேலே காம் சாப்ற்றுக்கும் செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் போகிறது. கண்ணியின் ஊசிகள் ஒவ்வொன்றும் மயிரளவு தேய்ந்தாலும் மொத்தச் செயினும் நீண்டுவிடும். செயினை அமத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையும் தேய்ந்து சொரசொரத்துப்போகும். அதற்குப் பழைய லொறி ரயரின் நூல் கலந்த ரப்பரில் வெட்டிச் செய்து போட்டோம். சொந்த உருளை அளவுக்கு வராது, ஆனால் ஓடும்.

அடுத்தது அடிப்பு. அமுக்கம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னே தானாகப் பற்றிக்கொள்ளும். ஏற்றத்தில் கூழாங்கல்லைத் தகரத்தில் கொட்டினமாதிரிச் சத்தம் வரும். சில வேளை உதைக்கும்போது கிராங் பின்னுக்குச் சுற்றி, கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். இதைக் குறைக்க எங்கள் கராச் அண்ணை செய்த வேலை, சிலிண்டருக்குக் கீழே இரட்டைக் காஸ்கற் போடுவது. கடதாசிக் காஸ்கற்றோடு அலுமினியத் தகட்டிலும் ஒன்று வெட்டி வைப்பார். சிலிண்டரும் தலையும் ஒரு மில்லிமீற்றர் உயரும், எரியும் அறை பெருக்கும், அமுக்கம் குறையும். கணக்குப் பார்த்தால், ஐம்பது மில்லிமீற்றர் விட்டமுள்ள 90 சிசி சிலிண்டரில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு ஏறத்தாழ 2 சிசி இடத்தைக் கூட்டுகிறது. ஒன்பதை ஒட்டியிருந்த விகிதம் எட்டுக்குக் கீழே வந்துவிடும். அடிப்பு அடங்கும். நீண்டு தொங்கிய செயினும் தலை உயர்ந்ததால் இறுகும். ஒரு தகட்டில் இரண்டு வேலை.

ஆனால் மூன்றாவதாக ஒன்றும் நடந்தது. காம் சாப்ற் மேலே போனால், கிராங் அதை இழுக்கும் பக்கத்துச் செயினுக்கு அந்த ஒரு மில்லிமீற்றர் நீளம் கூடத் தேவை. அது எங்கிருந்து வரும்? காம் சில்லுப் பின்தங்கித்தான் வரும். 28 பல்லுள்ள ஒரு காம் சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லிடைவெளி 6.35 மில்லிமீற்றர். சுற்றளவு 177.8. ஒரு மில்லிமீற்றர் என்பது காமில் இரண்டு பாகை, கிராங்கில் நாலு பாகை. தேய்ந்த செயினின் நீட்சியும் அதே திசையில்தான் சேரும். வால்வு பிந்தித் திறந்து பிந்தி மூடும். ரைமிங் என்பது இந்த நேரக்கணக்குத்தான். சைக்கிள் ஓடும், ஆனால் இழுக்காது, சூடாகும். செயினை ஒரு பல்லு முன்னே போட்டுச் சரிக்கட்டலாமா என்றால், ஒரு பல்லு என்பது கிராங்கில் இருபத்தைந்து பாகைக்கு மேல். நாலு பாகைப் பிழைக்கு இருபத்தைந்து பாகை மருந்து.

அண்ணை இந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டவர் அல்ல. அவர் ஏழாம் வகுப்போடு கைவிட்டவர். ஆனால் காம் சில்லைக் கழற்றி, அதைச் சாப்ற்றோடு பிடிக்கும் போல்ற் துளைகளை வட்ட அரத்தால் ஒரு பக்கமாக நீட்டினார். துளை அவரை விதை வடிவத்துக்கு வந்தது. இனிச் சில்லைச் சாப்ற்றின் மேல் சற்று முன்னே திருப்பிவைத்து இறுக்கலாம். மேலைநாட்டுப் பந்தயக் கார்க் கராச்சுகளில் காமை நுணுக்கமாகத் திருப்பி வைக்கவென்று இதே மாதிரி நீள்துளை போட்ட சில்லுகளை விற்கிறார்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே குதிரைவலு கூட்ட. இங்கே விசுவமடுவிலிருந்து காய்ச்சல்காரனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர.

எங்கே திருப்பி வைப்பது என்பதை அவர் கண்டுபிடித்த விதத்தை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். கொம்பனி அடித்த குறிகளை அவர் பார்க்கவே மாட்டார். இவ்வளவு காஸ்கற் மாறியபிறகு அந்தக் குறி பொய் சொல்லும். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளைக்குள் ஒரு ஈர்க்கை விடுவார். மக்னெற்றைக் கையால் மெல்லச் சுற்ற, ஈர்க்கு ஏறி, நின்று, இறங்கும். ஏறும்போது ஓரிடத்தில் மக்னெற்றில் கோடு கீறுவார், இறங்கும்போது ஈர்க்கு அதே உயரத்துக்கு வந்ததும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் பிஸ்ரன் உச்சியில் நிற்கும் இடம். புகை வெளியேறி முடிந்து காற்று உள்ளே வரத் தொடங்கும் அந்த உச்சியில் இரண்டு வால்வும் ஒரு கணம் கொஞ்சமாகத் திறந்து நிற்கும். றொக்கர் இரண்டையும் பெருவிரல்களால் தொட்டபடி, “ரெண்டும் ஒரே மாதிரிக் கிடக்கோ பார் தம்பி” என்பார். ஒன்று கூடத் திறந்திருந்தால் சில்லைத் தட்டித் திருப்புவார். ஒத்து வந்ததும் போல்ற்றை இறுக்கி, சில்லிலும் தலையிலும் அரத்தின் முனையால் புதுக் குறி ஒன்று கீறுவார். அதுதான் அந்த எஞ்சினின் உண்மையான குறி.

பழுது இங்கேதான் குடிவந்தது. கொம்பனித் துளையில் போல்ற் இறுக்கமாக உட்காரும், சில்லு அசைய இடமில்லை. நீட்டிய துளையில் சில்லைப் பிடித்திருப்பது போல்ற்றின் இறுக்கம் மட்டும்தான். மண்ணெண்ணெய் எஞ்சின் ஒருமுறை பின்னுக்கு அடித்தால் போதும், சில்லு சாப்ற்றின்மேல் வழுகிவிடும். சைக்கிள் காபரேற்றரால் துப்பும், சைலன்சரால் வெடிக்கும், பிறகு எவ்வளவு உதைத்தாலும் எடுக்காது. “ரைமிங் போட்டுது அண்ணை” என்று தள்ளிக்கொண்டு வருவார்கள். நெடுங்கேணியிலிருந்தும் தள்ளி வந்திருக்கிறார்கள்.

செயின் பல்லுத் தாண்டினாலும் இதே நோய்தான். இரண்டையும் பிரித்தறிய அண்ணை சொன்ன விதி எளிமையானது. “முழுப் பல்லா மாறியிருந்தால் செயின் தாண்டினது. அரைப் பல்லா, காப் பல்லா நிண்டால் சில்லு வழுகினது. செயினைத் தொடாதை.” அது தெரியாதவர்கள் அரைப் பல்லு விலகலைக் கண்டதும் செயினைக் கழற்றி ஒரு பல்லு மாற்றிப் போடுவார்கள், விலகல் மறுபக்கம் போகும், உதைப்பார்கள். வால்வு பிஸ்ரனில் முட்டி வளைந்தால், அதற்கு வன்னியில் மாற்று வால்வு தேடுவது என்பது ஒரு மாத வேலை.

வழுகாமல் நிறுத்துவதற்கு முதலில் போல்ற்றின்கீழ் நட்சத்திர வாசர் போட்டுப் பார்த்தோம். பிறகு ஒரே வழி ஊசி என்று தெரிந்தது. லொறியின் நீளச் சாப்ற்றில் குறொஸ் என்று ஒன்று இருக்கிறது. அதன் கோப்பைகளுக்குள் மெல்லிய உருக்கு ஊசிகள் வட்டமாக அடுக்கியிருக்கும். தேய்ந்து கழித்த குறொஸிலும் நல்ல ஊசிகள் சில மிஞ்சும். கண்ணாடிபோல வழவழப்பு, அரம் ஏறாத கடினம். ரைமிங்கைச் சரியாக வைத்து இறுக்கியபின், சில்லையும் சாப்ற்றின் முகத்தையும் சேர்த்து ஒரு துளை. மின்சாரம் இல்லை, ஆகவே கைத்துறப்பணம். சில்லின் நடுப்பகுதியும் காமின் வார்ப்பிரும்பு முகமும் துறப்பணத்துக்கு விட்டுக்கொடுக்கும், மெதுவாக. ஊசியின் தடிப்புக்கு ஒரு மயிர் குறைவாகத் துளைத்து, ஊசியை ஒயிலில் நனைத்துத் தட்டி இறக்கவேண்டும். இறங்கும்போது சத்தம் மாறும். கடைசி அடியில் மணிபோலக் கேட்டால் அது இனி அசையாது. பிறகு மண்ணெண்ணெயில் கழுவிச் சிராயெல்லாம் எடுத்துவிட்டுப் பூட்டுவோம். ஒரு சிராய் செயினுக்குள் போனால் எல்லா வேலையும் வீண்.

1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி இராணுவத்திடம் போனது. அதற்கு முன்பே யாழ்ப்பாணத்து இடப்பெயர்வில் கிளாலி கடந்து வந்த சனத்தால் வன்னி நிறைந்திருந்தது. கிளிநொச்சிக் கடைத்தெரு மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் பிரிந்து போனது. நாங்கள் மல்லாவிக்குப் போய், ஒரு பாலை மரத்தின் கீழ் கிடுகு வேய்ந்து கராச் போட்டோம். யாழ்ப்பாணத்து மெக்கானிக்மாரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். இந்த வேலை செழித்தது அந்த இரண்டு மூன்று வருடங்களில்தான் என்பது என் அபிப்பிராயம். எங்கள் ஊசி முறையை அவர்கள் எடுத்தார்கள். புகைக்குழாயில் மண்ணெண்ணெய்க் குழாயைச் சுற்றிச் சூடாக்கும் முறையை நாங்கள் அவர்களிடம் எடுத்தோம். யாருக்கும் மறைத்தது கிடையாது. வன்னியின் சண்டைகளுக்குத் திகதிகளும் பெயர்களும் இருக்கின்றன, புத்தகங்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் மருத்துவிச்சியும் ஆசிரியரும் சங்கக்கடை முகாமையாளரும் எதில் ஏறிப் போய்வந்தார்கள் என்பதற்கு ஒரு பக்கத்தைக்கூட நான் காணவில்லை. இருக்கவேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

2002 தொடக்கத்தில் தடை தளர்ந்தது. பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம், ஏப்ரலில் யாழ்ப்பாணம்வரை ஏ-9 திறப்பு. பெற்றோல் வந்தது. கராச் வைத்திருந்தவர்களுக்கு அதைப்போல வேலை அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. எல்லோருக்கும் ஒரே தேவை: “பெற்றோலுக்குத் திருப்பிவிடுங்கோ.” இரட்டைக் காஸ்கற்றைக் கழற்ற, சிலிண்டர் பழைய இடத்துக்கு இறங்க, நாங்கள் முன்னே திருப்பி ஊசியடித்த சில்லு இப்போது அளவுக்கு மிஞ்சி முன்னே நின்றது. அடித்த ஊசி வெளியே வராது. ஆகவே கொழும்பிலிருந்து வந்த புதுச் சில்லும் புதுச் செயினும் போட்டோம். பெட்டி பிரித்துப் புதுச் செயினைக் கையில் எடுத்து, பக்கவாட்டில் வளைத்துப் பார்த்தபோது அது வளையவில்லை. பழைய செயின் வில்லாய் வளையும். அவ்வளவு தேய்வோடு அது எப்படி ஓடியது என்று அப்போதுதான் எங்களுக்கே விளங்கியது. கழற்றிய ஊசியடித்த சில்லுகளை அண்ணை எறியவில்லை. ஒரு பழைய பால்மா ரின்னில் போட்டு வைத்தார். “திரும்பவும் தேவைப்படும்” என்றார்.

தேவைப்பட்டது. 2006 ஓகஸ்ட் 11இல் பாதை மறுபடி மூடியது. மண்ணெண்ணெயும் இரட்டைக் காஸ்கற்றும் திரும்பி வந்தன. 2008 பிற்பகுதியிலிருந்து சனம் கிழக்கே நகர்ந்தது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, கடைசியில் முள்ளிவாய்க்கால். உழவு இயந்திரப் பெட்டிகளில் வீட்டைக் கட்டி ஏற்றிக்கொண்டு, அதன் பின்னே எம்டி-90கள். அண்ணை அந்த வழியிலிருந்து திரும்பி வரவில்லை. 2009 மேக்குப் பிறகு முள்ளிவாய்க்காலில் ஆயிரக்கணக்கான வாகனங்களும் சைக்கிள்களும் எரிந்தும் துருவேறியும் குவிந்து கிடந்தன. எங்கள் கையால் ஊசியடித்த காம் சில்லுகளில் பெரும்பகுதி அந்தக் குவியலுக்குள் போய், பிறகு இரும்பு வியாபாரிகளின் லொறியில் ஏறிவிட்டது. எனக்கு அது சாதாரண பழைய இரும்பு அல்ல.

2022இல் நாடு முழுவதும் பெற்றோல் வரிசையில் நின்றபோது, இளம் பெடியன்கள் என்னிடம் வந்து கேட்டார்கள்: “மாமா, மண்ணெண்ணெயில எப்பிடி ஓடினனீங்கள்? எங்கட பல்சருக்கும் செய்யேலுமோ?” இன்றைய எஞ்சின்களில் அமுக்கம் இன்னும் கூட, பலவற்றில் காபரேற்றரே இல்லை, பெற்றோலைப் பீச்சுவதைக் கணினி தீர்மானிக்கிறது. செய்யவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் ஏன் முடியாது என்று விளக்கும்போது அவர்கள் போகாமல் நின்று கேட்டார்கள். தலை உயர்ந்தால் காம் பின்தங்கும் என்பதை ஒரு சைக்கிள் செயினை வைத்துக் காட்டினேன். ஒருவன் தொலைபேசியில் கணக்குப் போட்டு இரண்டு பாகை என்று எனக்கு முன்னே சொன்னான்.

இப்போது அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பக்கத்திலேயே ஜேர்மன் உதவியில் கட்டிய பயிற்சி நிறுவனம், 2016இலிருந்து வாகனத் தொழில் படிப்பிக்கிறது. நாங்கள் முதலில் கராச் வைத்திருந்த கிளிநொச்சிப் பட்டணத்திலிருந்து அதிக தூரமில்லை. அங்கே படிக்கிற பிள்ளைகளின் மேசையில் வெட்டித் திறந்த புது எஞ்சின்களோடு ஒரு மண்ணெண்ணெய்க் காலத்து ஹொண்டாத் தலையும் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. என்னிடம் இரண்டு மிஞ்சியிருக்கின்றன. ஒன்று எம்டி-90, மற்றது சீடி-200. இரண்டையும் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கட்டியிருக்கிறேன். காஸ்கற்றின் மொத்தத் தடிப்பு, செயின் நீண்ட அளவு, துளை நீட்டிய அளவு, ஊசி எந்த வாகனத்தின் குறொஸிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறது. சீடி-200இன் சில்லில் குறி இரண்டு இருக்கும். ஆழமாக, நேராக இருப்பது கொம்பனி அடித்தது. அதற்குப் பக்கத்தில் சற்றுச் சரிவாக அரத்தால் கீறியிருப்பதைத்தான் பார்த்துப் பூட்டவேண்டும் என்பதையும் துண்டில் சேர்த்திருக்கிறேன்.